கீழே, வலது மூலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊற்றெடுத்தெல்லாம் வரவில்லை. ஒரு மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து வந்தது.

கம்ப்யூட்டர் திரையில் கீழே வலது பக்கம் ஒரு மூலை இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? மணி காட்டும். சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். திடீரென்று ஒரு பெட்டி எழும்பி, 'உங்களுக்கு ஒரு செய்தி' என்று சொல்லிவிட்டு, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்துவிடும். அந்த மூலையை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று பதினொரு விதிகள் எழுதி, தேனியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியிலிருந்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். நான் கெங்குவார்பட்டியில் உட்கார்ந்துகொண்டு மருந்தடிக்கும் பம்புக்கும் மாவரைக்கும் மெஷினுக்கும் கையேடு எழுதுகிறவன். நடுநடுவே கதையும் எழுதுவேன். என் கதைகளைப் படித்தவர்களைவிடக் கையேடுகளைப் படித்தவர்கள் அதிகம். அதில் எனக்கு வருத்தம்தான்.

விதிகளை எழுதியவள் வேல்விழி. வயது இருபத்தொன்பது, சொந்த ஊர் சின்னமனூர். "ஒரு மூலைக்குப் போய்ப் பதினொரு விதியாம்மா?" என்று போனில் கிண்டல் செய்தேன்.

"சார், நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ அந்தப் பெட்டியத் தள்ளிவிடுறீக?"

"எண்ணிப் பார்த்ததில்லை."

"அதுக்குத்தான் விதி," என்றாள்.

[காலை 9.52. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் திரையின் மூலையில் பெட்டி எழும்பியது. வேல்விழிதான். தள்ளிவிட்டேன். எழுதும்போது யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பது என் கொள்கை. இந்தக் கொள்கையைப் பற்றிப் பேட்டியெல்லாம் கொடுத்திருக்கிறேன்.]

2

எப்படித் தொடங்குவது?

'மேற்கு மலையிலிருந்து இறங்கிய மேகம் வாழைத் தோட்டங்களின் மேல்—' வேண்டாம். மேகத்துக்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

'இருளம்மாள் கதவைத் திறந்தபோது உள்ளே எந்தக் கெட்ட வாசமும் இல்லை.' இது நல்ல வாக்கியம். எழுதியதும் சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண் மயங்கி விழுந்ததை வைத்துச் சந்தோஷப்படுகிறோமே என்று அடுத்த நிமிடமே கூசியது. ஆனாலும் அடிக்கவில்லை, பாருங்கள், அப்படியே இருக்கிறது.

'மானிட்டரைச் சாமி பார்க்கத் தோதாக வைத்தார் சுந்தரலிங்கம்.' உண்மையில் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் இப்படி எடுத்த எடுப்பில் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. கொஞ்சம் பின்னால் போகிறேன்.

3

சின்னமனூரைத் தாண்டி ஒரு வாழைப்பழக் கிடங்கு. பெயர் வேண்டாம். பச்சைத் தார்களைச் சீப்புச் சீப்பாக வெட்டி, பெட்டியில் அடுக்கி, அடைத்த அறைக்குள் ஏற்றி, ஒரே சீராகப் பழுக்க வைக்கிறார்கள். அறைக்குப் பெயர் சேம்பர். அங்கே மூன்று சேம்பர்கள். காயும் நம்மைப் போல மூச்சு விடும். கரியமில வாயுவை வெளியே தள்ளும். அடைத்த அறைக்குள் அது நிறைந்துகொண்டே போகும். விசிறி வைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விசிறி நின்றுவிட்டால், உள்ளே போகிற ஆளுக்கு இரண்டு மூச்சு போதும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது.

சேம்பர்களைக் கண்காணிக்கும் ஆபரேட்டர் சுந்தரலிங்கம். நாற்பத்தைந்து வயது. முன்பு அங்கே இருந்த மென்பொருள் ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துமாம். கதவு திறந்தால் கத்தும், மூடினால் கத்தும், சூடு அரை டிகிரி ஏறினால் கத்தும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார். புது மென்பொருள் செய்ய வந்த வேல்விழி அவரைக் குறை சொல்லவில்லை. "நானா இருந்தாலும் பிடுங்கியிருப்பேண்ணே," என்றாள்.

அவள் விதிகள் அந்தப் பிடுங்கிய வயரிலிருந்து முளைத்தவை. கத்தாதே. கண் சிமிட்டாதே. மனிதர் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் மட்டும் எழும்பு. எல்லாம் நன்றாக இருக்கும்போது மூலையில் எதையும் காட்டாதே. பெட்டி பத்து விநாடியில் தானே மறையட்டும். சிவப்புப் புள்ளி மட்டும், யாராவது வந்து அழுத்தும்வரை மூலையில் நிற்கட்டும். மூன்று முறை ஒருவர் தள்ளிவிட்டால் நான்காம் முறை தொந்தரவு செய்யாதே.*

(* இந்தக் கடைசி விதியில் எனக்கும் அவளுக்கும் சின்னச் சண்டை. "தலைபோகிற விஷயமாக இருந்தால்?" என்றேன். "மூணு தடவ ஒரு மனுசன் வேணாம்னு தள்ளுனா, அவுகளுக்கு அதவிட முக்கியமான வேல இருக்குன்னு நம்பணும் சார்," என்றாள். மரியாதையான விதி என்று மெச்சி அப்படியே தமிழில் எழுதினேன்.)

சேம்பர் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும் என்று எழுதியே கொடுத்தாள். கிடங்கு முதலாளி திலீபன், "அடுத்த சீசனுக்குப் பாப்போம்மா," என்றார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜையன்று புது மென்பொருளைத் தொடங்குவதாக ஏற்பாடு. முந்தின நாளே வேல்விழி தன் லேப்டாப்பில் காட்டிப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

"கீழ வலது மூலைண்ணே. அங்கன ஒண்ணும் இல்லைனா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். செகப்பாப் புள்ளி நின்னா, சேம்பர் கதவத் தொறக்கவே கூடாது."

"ஒண்ணும் இல்லைனா நல்லது. செகப்பு நின்னாத் தொறக்கக் கூடாது," என்று ஒப்பித்தார் சுந்தரலிங்கம்.

மறுநாள் பூஜை. சாமி படங்களுக்கு முன்னால் வெட்டுக்கத்தி, தராசு, ஸ்பேனர், தள்ளுவண்டிச் சக்கரம் எல்லாம் பரப்பியிருந்தது. சுவரில் மாட்டி இன்னும் போட்டுப் பார்க்காத புது மானிட்டரையும் சுந்தரலிங்கம் கழற்றிக் கொண்டுவந்து வாழையிலைமேல் படுக்க வைத்தார். சுற்றிலும் சட்டமே இல்லாத மாடல். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒரு எழுத்தோ பொத்தானோ கிடையாது. அணைத்து வைத்த கறுப்புக் கண்ணாடியில் தலை எது கால் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஆத்தா, இத எழுதுன புள்ள நீதான. உன் கைராசி நல்லாருக்கட்டும். நீயே பொட்டு வையி," என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

வேல்விழி யோசித்தாள். சட்டம் இருந்தால் சட்டத்தில் வைக்கலாம். இதில் கண்ணாடியில்தான் வைத்தாக வேண்டும். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத இடம் எது? மேலே இடது மூலை. அங்கே கம்பெனி பெயர் மட்டும்தான் தெரியும். தன் அருமை மூலைக்கு நேர் எதிர் மூலை. குனிந்து, ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். போடியில் இன்னொரு இடத்தில் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொரியையும் கடலையையும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, மானிட்டரைத் திரும்பச் சுவரில் மாட்டும் முன்பே பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

[10.21. மறுபடி பெட்டி. மறுபடி அவள்தான். அம்மா தாயே, உன் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு. தள்ளிவிட்டேன்.]

4

பூஜை முடிந்து பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு இரண்டாம் சேம்பரின் விசிறி மோட்டார் நின்றது. மூலையில் பெட்டி எழும்பியது: 'இரண்டாம் சேம்பரில் காற்று ஆபத்தான நிலையில் உள்ளது. கதவைத் திறக்காதீர்கள்.' நான் தமிழாக்கிய வாக்கியம். பத்து விநாடி நின்றது. அந்தப் பத்து விநாடியில் சுந்தரலிங்கம் வெளியே லாரிக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி மறைந்தது. புள்ளி, விதிப்படி, சிவப்பாக நின்றது.

மறுநாள் காலை ஏழரைக்கு இருளம்மாள் வந்தார். நாற்பத்தாறு வயது. பழத்தின் நிறம் பார்த்து, காம்பைக் கட்டைவிரலால் அழுத்தி, இன்றைக்கு ஏற்றலாமா நாளைக்கா என்று சொல்வது அவர் வேலை. அவர் சொன்னால் லாரிக்காரர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

"ரெண்டாம் நம்பர் தொறக்கவா?" என்று கேட்டார்.

சுந்தரலிங்கம் திரையைப் பார்த்தார். பார்த்தார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல மதினி, தொறங்க," என்றார்.

இருளம்மாள் கதவைத் திறந்து உள்ளே போய், முதல் வரிசைப் பெட்டியில்—

(இந்த வாக்கியத்தை நாலு விதமாக எழுதி நாலையும் அழித்துவிட்டேன். உள்ளே போனார். விழுந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் அங்கே இல்லை.)

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி அவரை வெளியே இழுத்துப் போட்டதும் சுந்தரலிங்கம்தான். இருளம்மாள் இப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கண் திறந்திருக்கிறது. மகள் கயல் காதருகே குனிந்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டால், அந்தக் கண் அவள் பக்கம் திரும்புவதில்லை.

5

செய்தி கேட்டதும் வேல்விழிக்கு முதலில் வந்தது கோபம். மென்பொருளின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். புள்ளி சரியான நேரத்தில் வந்திருக்கிறது, சரியான நிறத்தில் நின்றிருக்கிறது. தன்மேல் தவறில்லை என்ற நிம்மதிகூட அவளுக்கு ஒரு கணம் வந்ததாம். அதை என்னிடம் சொல்லும்போது முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பஸ் பிடித்துச் சின்னமனூர் போய் நேராகக் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தாள்.

"பத்தொம்போது மணி நேரம்ணே! பத்தொம்போது மணி நேரமா செகப்பா நின்னுக்கிட்டே இருந்திருக்கு. நீங்க மூலையப் பாக்கவே இல்லையா?"

சுந்தரலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். "பாத்தேன் ஆத்தா. தொறக்கச் சொல்றதுக்கு முன்னாடிகூடப் பாத்தேன். மூலையில ஒண்ணும் இல்ல. பொட்டுதான் இருந்துச்சு."

"எந்தப் பொட்டு?"

"நீ வச்ச பொட்டுதான்."

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கீழே, வலது மூலையில், காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் குங்குமம். அதைச் சுற்றிக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. தினமும் காலையில் துணியால் துடைக்கும் சுந்தரலிங்கம், சாமிப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்று அதை மட்டும் விட்டுச் சுற்றிலும் துடைத்திருக்கிறார்.

வேல்விழி கிட்டே போய் நகத்தால் சுரண்டினாள். சந்தனம் பொரிந்து விழுந்தது. அடியில் புள்ளி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் இன்னும் அதை அழுத்தவில்லை.

"நான் மேல, எடது பக்கம்லண்ணே வச்சேன்!" என்று கத்தினாள்.

"இல்ல ஆத்தா. சாமி பாக்கத் தோதாத்தான மானிட்டர வச்சிருந்தேன். நம்ம எதுக்க உக்காந்திருக்கவுகளுக்குப் பேப்பரத் திருப்பிக் கொடுப்போம்ல, அந்த மாதிரி. சாமிக்கு நேரா இருந்துச்சு. நீ நின்ன பக்கத்துக்குத் தலகீழு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமிக்கு நேராக இருந்த திரையில், எதிரே நின்ற தன் பக்கத்திலிருந்து மேலே இடது மூலை என்று பார்த்து வைத்திருக்கிறாள். திருப்பிச் சுவரில் மாட்டினால் அது கீழே வலது மூலை. எந்த இடத்தை மறைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து வைத்தாளோ, அதே இடம். சுந்தரலிங்கம் அந்த மூலையைப் பொட்டில்லாமல் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. ஒன்றும் இல்லையென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவளும் அவளேதான்.

"எடஞ்சல் இல்லாத மூலையாப் பாத்து வச்சிருக்கன்னு நெனச்சேன் ஆத்தா," என்றார் அவர்.

அவள் நகத்திடுக்கில் சந்தனத்தூள் ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போய் எத்தனை தடவை கழுவியும் வாசம் போகவில்லை என்றாள். வாசம் போயிருக்கும். ஆனால் அவள் அப்படித்தான் சொன்னாள். திருத்த எனக்கு உரிமை இல்லை.

6

இங்கே எனக்கு ஒரு சிக்கல். சுந்தரலிங்கம் என்ற பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா?

ஏனென்றால் அவர் விபத்தை விசாரிக்கும் அதிகாரிக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், 'பொட்டை நான்தான் வைத்தேன்' என்று இருக்கிறது. முதல் பிரதியில் அவரைப் பயந்தாங்கொள்ளியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தியாகியாக எழுதினேன், குமட்டியது. கடைசியில் அவர் வேல்விழியிடம் சொன்னதை அப்படியே வைக்கிறேன்.

"அண்ணே, எதுக்குப் பொய் எழுதிக் கொடுத்தீக?"

"கல்யாணம் காச்சி ஆக வேண்டிய புள்ள நீயி. உன் கை வச்ச பொட்டுதான் ஒருத்தியச் சாச்சுச்சுன்னு ஊரு பேச ஆரம்பிச்சா நிப்பாட்ட முடியுமா? கைராசின்னு உன்னையக் கூப்புட்டது நானு. தலகீழா வச்சதும் நானு. என் வேலதான போகும், போகட்டும்."

வேலை மட்டும் போகாது, கேஸும் வரும் என்று அவருக்குத் தெரியும். திலீபனுக்கு இது ரொம்ப வசதி. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் கதவு விளக்கைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. சேம்பர்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. இருளம்மாள் இடத்தில் இப்போது ஜக்கம்மா என்ற பெண் உள்ளே போய் நிறம் பார்க்கிறார். கதவுக்கு மேலே இன்றைக்கும் விளக்கு இல்லை. அதை எழுதியே கேட்டிருந்தேன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் வேல்விழி. அதைச் சொல்ல வாய் திறந்தால், பொட்டையும் மறைக்க அவளால் முடியாது.

விசாரணை திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு.

7

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

போன வியாழக்கிழமை வேல்விழி கெங்குவார்பட்டிக்கு என்னைத் தேடி வந்தாள். மேலே நீங்கள் படித்ததெல்லாம் அன்றைக்குச் சொன்னதுதான். கடைசியில் கேட்டாள்: "சொன்னா எங்க அம்மா தாங்க மாட்டாக சார். சொல்லலைனா சுந்தரலிங்கம் அண்ணன் உள்ள போயிருவாக. நான் என்ன செய்யட்டும்?"

உங்களிடம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பீர்கள். நான் சொன்னது இது: "அவசரப்படாதே. யாரிடமும் பேசாதே. நான் இதை எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் எது சரி என்று தெளிவாகும். திங்கட்கிழமை விசாரணைக்கு முன்னால் நானே போன் செய்கிறேன்."

"சரி சார். நீங்க சொல்றபடி செய்றேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். அவள் பேசிவிட்டால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும், என் கதை பழசாகிவிடும் என்று பயந்தேன். இப்படி ஒரு தலைகீழ்ப் பொட்டு ஆயுசில் ஒரு தடவைதான் கிடைக்கும்.

[10.47. பெட்டி. தள்ளிவிட்டேன். பதினொரு மணிக்கு இன்னும் பதின்மூன்று நிமிடம் இருக்கிறது, இந்த ஒரு பத்தியை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன்.]

8

முடிவு அ: வேல்விழி எழுந்து நின்று, "பொட்டு வச்சது நான்," என்கிறாள். அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. (பிடித்திருக்கிறது. இதைத்தான் நீங்களும் எதிர்பார்ப்பீர்கள்.)

முடிவு ஆ: அவள் பேசவில்லை. சுந்தரலிங்கம் கையெழுத்துப் போடும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு— (விட்டுவிட்டேன். ஜன்னலில் என்ன தெரிந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.)

முடிவு இ: இருளம்மாளின் கண் கயல் பக்கம் திரும்புகிறது. இதை எழுதவே இல்லை. அந்தக் கண்ணைத் திருப்பி வைக்கிற உரிமையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

மூன்றையும் விட்டுவிட்டு நிமிர்ந்தபோது மூலையில் மணி தெரிந்தது. 12.40.

ஒரு பத்தி என்று நினைத்தது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. இன்று திங்கட்கிழமை என்பது எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு. காலையிலிருந்து தெரிந்தேதான் தள்ளிவிட்டேன். தள்ளிவிடும்போது கண்ணில் பட்ட முதல் வரிகள் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன.

9.52: 'சார், நேத்தே கூப்புடுவீகன்னு காத்திருந்தேன்.'

10.21: 'சார், சுந்தரலிங்கம் அண்ணன் இங்கன வந்துட்டாக. என் மொகத்தப் பாக்கவே மாட்டேங்குறாக.'

10.47: 'சார், உள்ள கூப்புடப் போறாக. ஒரே ஒரு நிமிசம் போன எடுங்க.'

நாலாவது வரவில்லை. வராது. மூன்று முறை தள்ளினால், அவர்களுக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது என்று நம்ப வேண்டும் என்பது அவள் விதி. நான் மெச்சித் தமிழில் எழுதிய விதி. என் வேலை முக்கியமானது என்று அவள் நம்பிவிட்டாள்.

போன் செய்தேன். அணைத்து வைத்திருக்கிறாள். இன்னும் உள்ளே இருக்கிறாளா, வெளியே வந்துவிட்டாளா, யார் கையெழுத்துப் போட்டார்கள், எனக்குத் தெரியாது. மூன்றாவது செய்தி நீளமானது. அதில் தன் முடிவையும் எழுதியிருக்கலாம். முதல் வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. படிக்கக் கை வரவில்லை.

கதையை இத்தோடு உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன், உங்களுக்கு நேராக இருக்கும்படி. என் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழாகத்தான் தெரிகிறது. கீழே, வலது மூலையில், படிக்காத அந்தச் செய்திக்காகச் சிவப்பாக ஒரு புள்ளி நிற்கிறது. நீங்கள் அழுத்துங்கள்.